வாகனம் பின்னால் வருகிறது

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஓர் எழுத்து கூடவோ குறையவோ இருந்தால் சொன்ன வாய்க்கு அடுத்த வேளைச் சாப்பாடு இறங்காமல் போகட்டும். லாரியைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கூடவே நடந்தவர்கள் இருக்கிறார்கள். புகையைக் குடித்தவர்கள் இன்னும் இருமிக்கொண்டிருக்கிறார்கள். சந்தேகம் உள்ளவர்கள் இருமல் சத்தம் வரும் வீடாகப் பார்த்துப் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

அப்பாவின் கையிலிருந்து பதினேழாம் நம்பர் ஸ்பானரை எடுக்க முடியவில்லை. மகள் ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தாள். ஒன்றைப் பிரித்தால் மற்றது மூடிக்கொண்டது. வந்திருந்த டாக்டர், "விட்டுடுங்கம்மா, நேரமானா தானா தளரும்" என்றார். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு, "ஸ்பானரும் கையுமாவா அப்பாவை அனுப்புறது? பாக்கிறவங்க என்ன சொல்லுவாங்க?" என்றான்.

அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"பிடுங்கினா எப்படிடி விடுவார்? நாப்பத்தெட்டு வருஷமா நான் பாக்காததா? பத்தொன்பதைக் குடுத்துட்டுப் பதினேழைக் கேளு."

மகள் கொட்டகைக்கு ஓடிப்போய்ப் பத்தொன்பதாம் நம்பரை எடுத்துவந்து அவர் உள்ளங்கை ஓரத்தில் வைத்தாள். விரல்கள் மெல்ல விரிந்தன. பதினேழு இவளிடம் வந்தது. விரல்கள் பத்தொன்பதின் மேல் மூடிக்கொண்டன. டாக்டர் அதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் சொன்னார். அவர் வாழ்க்கையில் ஸ்பானர் பிடித்தவரில்லை.

காலை ஆறரை மணிக்கு நடந்தது அது. நடந்தபோது அப்பா பானெட்டுக்குள் பாதி உடம்பை விட்டுக்கொண்டு நின்றிருந்தார். மகள் எதிர்ப்பக்கம் டார்ச் பிடித்திருந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். திங்கள் முதல் வெள்ளிவரை சாக்பீஸ், சனி ஞாயிறு கிரீஸ். அவள் நகக்கண்ணில் இருக்கும் கறுப்பைப் பார்த்துத்தான் பிள்ளைகள் அன்றைக்குத் திங்கட்கிழமை என்று தெரிந்துகொள்வார்கள்.

அப்பா கடைசியாகச் சொன்னது இதுதான்: "அம்மாடி, பம்பு பல்சக்கரத்துல மார்க்கு ரெண்டு இருக்கும். ஒண்ணு புள்ளி. அது கம்பெனிக்காரன் போட்டது. இன்னொண்ணு எவனோ உளியால கொத்தின கோடு. நீ பூட்டும்போது அந்த..."

அங்கே நிறுத்தினார். மகள் டார்ச்சைப் பிடித்தபடி காத்திருந்தாள். அப்பா பாதிப் பேச்சில் நிறுத்தி யோசிப்பது புதிதல்ல. ஒரு முறை திங்கட்கிழமை ஆரம்பித்த வாக்கியத்தை வியாழக்கிழமைதான் முடித்தார். அதனால் அவள் காத்திருந்தாள். டார்ச் வெளிச்சம் மங்கிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது, இந்த வாக்கியத்துக்கு வியாழக்கிழமை வராது என்று.

அந்த லாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் மூத்த பிள்ளை அதுதான். மகளைவிட இரண்டு வயது பெரியது. அப்பா அதை ஓட்டிப் போகாத ரோடு கிடையாது. ஒரு தடவை மலை இறக்கத்தில் பிரேக் போய்விட, கெட்ட வார்த்தையால் திட்டியே நிறுத்தினார். என்ன வார்த்தை என்று கேட்டால் சொல்ல மாட்டார். "அவசரத்துக்கு வச்சிருக்கேன், வீணாக்கக் கூடாது" என்பார். ஆறு வருஷத்துக்கு முன்னால் என்ஜின் படுத்தது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று யார் சொன்னாலும், "நானும் பழைய இரும்புதான், என்னையும் சேத்துத் தூக்கிட்டுப் போகச் சொல்லு" என்று பதில் வரும்.

போன வருஷம் அதிர்ஷ்டம் அடித்தது. மரம் விழுந்து முகம் நசுங்கிய ஒரு லாரி, பதினெட்டு வயது இளையது, காயலான் கடைக்கு வந்து சேர்ந்தது. முகம்தான் நசுங்கியிருந்தது, நெஞ்சு நன்றாக இருந்தது. அப்பா அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிவந்தார். சிலிண்டர் ஹெட், நாசில், டீசல் பம்பு. இளசின் உறுப்பு கிழடுக்குச் சுலபமாகப் பொருந்துமா? பம்புக்கு மூன்று போல்ட் துளை, என்ஜினில் நாலு. நடுவில் வைக்க ஒரு இரும்புத் தகட்டை அப்பா இருபத்திரண்டு நாள் அரத்தால் ராவினார். மகள் விடுமுறைகளில் வந்து துளை அளவு கணக்குப் போட்டாள். அவர் கண்ணுக்கு அளவு, இவள் கணக்குக்கு அளவு. இரண்டும் ஒத்துப்போனால் ஒரு டீ, ஒத்துப்போகாவிட்டால் இரண்டு டீ.

ஆனால் எல்லாவற்றுக்கும் முதலில் அவர் கழற்றிவந்து மாட்டியது ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. ரிவர்ஸ் கியர் போட்டால் அதிலிருந்து ஒரு பெண் குரல் வரும். "கவனிக்கவும். வாகனம் பின்னால் வருகிறது." ஓடாத வண்டியில் சாவியைத் திருப்பி, கியரைப் போட்டு, அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "இந்த வயசுல கேக்குது பாரு பொம்பளக் குரல்" என்று பாத்திரத்தை வைக்கிற சத்தம் கூடும்.

அப்பாவின் ஆசை வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மாதம் ஒரு முறையாவது சொல்வார். "கடைசியா என்னைக் கொண்டுபோறது என் வண்டியிலதான். அதுவும் வண்டி தானா ஓடணும். வேற வண்டியில கட்டி இழுத்துட்டுப் போனீங்க, பாதியில எறங்கி வீட்டுக்கு வந்துடுவேன்."

சொன்னால் செய்யக்கூடியவர் என்பதால், யாரும் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை, தம்பியைத் தவிர.

தம்பி நிலம் அளக்கும் வேலை பார்ப்பவன். அரை அங்குலம் பிசகினால் அவனுக்குத் தூக்கம் வராது. மூன்று வருஷத்துக்கு முன்னால் வீட்டைச் சுற்றி மதில் எழுப்பி, இரும்பு கேட் போட்டவன் அவன்தான். "வண்டி போறதுக்கு வழி விட்டிருக்கியாடா?" என்று அப்பா கேட்டதற்கு, "தாராளமா விட்டிருக்கேன்ப்பா" என்றான். அளவு விஷயத்தில் அவன் பேச்சுக்கு மறுபேச்சு இல்லாததால் அப்பா அதற்குமேல் கேட்கவில்லை.

அன்றைக்குக் காலை ஒன்பதுக்கெல்லாம் அவன் எல்லா ஏற்பாடும் செய்து முடித்துவிட்டான். மயானத்தில் நாலரை மணிக்கு நேரம். தெருவில் ஒரு வெள்ளை வேன்.

"அக்கா, நீ போய்க் கையைக் கழுவு" என்றான்.

"கழுவுறேன். சாயங்காலம்."

"பைத்தியமா உனக்கு? அது ஆறு வருஷமா ஓடலை."

"பம்பை டைமிங் பாத்துப் பூட்டணும், நாசில் பைப் நாலையும் மாட்டணும், ஸ்டார்ட்டர் போடணும். அவ்வளவுதான் பாக்கி. மூணரை மணி வரைக்கும் குடுடா. அதுக்குள்ள ஓடலைன்னா உன் வேன்லயே ஏத்திக்கோ. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

தம்பி கேட் இருந்த பக்கம் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, "உன் இஷ்டம்" என்று உள்ளே போய்விட்டான். அவன் முகம் வெளுத்திருந்ததை மகள் பார்த்தாள். அப்பாவை நினைத்துத்தான் என்று எடுத்துக்கொண்டாள்.

ஸ்டார்ட்டர்தான் இல்லை. பழையது எரிந்துபோயிருந்தது. என்ன செய்வது என்று அவள் நிற்கும்போதே வாசலில் ஒரு பெரிய ஓலம் கேட்டது. காயலான் கடைக்காரர் வந்துவிட்டார். அப்பாவோடு நாற்பது வருஷச் சிநேகம், முப்பத்தொன்பது வருஷச் சண்டை. நெஞ்சில் ஒரு கோணிமூட்டையை அணைத்தபடி தள்ளாடி வந்தார்.

"படுபாவி! ஸ்டார்ட்டர் ஸ்டார்ட்டர்னு உசுரை வாங்கினியே! கொண்டாந்திருக்கேன், எந்திரிச்சுப் பாருடா! நேத்தே குடுத்திருப்பேன், நீ என்னைக் கஞ்சன்னு சொன்னியேன்னு வச்சிருந்தேன்டா!"

அழுதபடியே மூட்டையை அப்பாவின் காலடியில் வைக்கப் போனவரை மகள் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"மாமா, அங்க வேணாம். இந்தப் பக்கம் கொண்டாங்க. கொட்டகைக்கு."

அவர் அழுகையை அப்படியே நிறுத்தினார். குழாயைத் திருகினதுபோல நின்றது. "ஓட்டப் போறியா?"

"ஓட்டணும்."

"ஸ்பானர் எங்க?" என்று சட்டைக் கையை மடித்தார் அவர்.

பதினொரு மணிக்கு அந்த வீட்டில் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் கொட்டகையில் இருந்தார்கள். முன்னறைக்குள் ஒரு நிமிஷம் நின்று, அம்மாவைப் பார்த்துத் தலையசைத்து, பின்பக்கம் வந்துவிடுவார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் டிரைவர்கள், மீதிப் பேர் டிரைவராகியிருக்க வேண்டியவர்கள். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தபால்காரர் தபால் பையோடு சக்கரத்துக்கு அடியில் படுத்து மூன்று நட்டு முறுக்கினார். அன்றைக்கு அந்தத் தெருவுக்குக் கடிதமே வரவில்லை. டாக்டர்கூட இன்னும் போகவில்லை. நாசில் பைப்பைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். "நரம்பு மாதிரியே இருக்கு" என்றார் ஆச்சரியமாக. "அடைப்பு இருக்கான்னு பாருங்க டாக்டர்" என்று ஊதிக் காட்டினார் காயலான் கடைக்காரர்.

முன்னறை ஜன்னல் கொட்டகைப் பக்கம்தான் திறக்கும். அம்மா அப்பாவின் தலைமாட்டை விட்டு அசையவில்லை. அங்கிருந்தே அவள் குரல் வந்தது.

"முதல்ல கையால திருகுங்க! எடுத்ததும் ஸ்பானர் போட்டா மரை போயிடும்!"

"சரிம்மா!"

"ஸ்டார்ட்டர் போல்ட்டுல கீழ இருக்கிறது குட்டை! நீளத்தைப் போட்டுடாதீங்க!"

காயலான் கடைக்காரர் கையிலிருந்ததைப் பார்த்தார். நீளம்தான். சத்தம் போடாமல் மாற்றிக்கொண்டார். "உங்கம்மா எப்பத்துலேர்ந்து மெக்கானிக்?" என்று மகளிடம் கிசுகிசுத்தார்.

"அப்பா தூக்கத்துல பேசுவார் மாமா. தினமும் இதேதான்."

இரண்டேகால் மணிக்குப் பல்சக்கரத்தின் முன்னால் வந்து நின்றார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால், அப்பா சொன்னதுபோலவே இரண்டு அடையாளம். ஒன்று சின்னப் புள்ளி, அச்சடித்ததுபோலச் சுத்தமாக. இன்னொன்று நாலு பல் தள்ளி, உளியால் கொத்திய கோணல் கோடு.

"எது?" என்றார் காயலான் கடைக்காரர்.

மகள் ஸ்பானரைக் கையில் உருட்டினாள். "நீ பூட்டும்போது அந்த..." எந்த? அந்தப் புள்ளியா, அந்தக் கோடா? அவள் கணக்கு டீச்சராக யோசித்திருந்தால் புள்ளியை வைத்திருப்பாள். ஆனால் அவள் அன்றைக்கு டீச்சர் இல்லை. வாழ்நாள் முழுக்க அப்பா ஒரே பாட்டைத்தான் பாடினார்: "கம்பெனிக்காரன் நாற்காலியில உக்காந்து மார்க்கு போடுறான். மெக்கானிக் படுத்துக் கிடந்து போடுறான். எவன் பேச்சைக் கேப்ப?"

"கோடு" என்றாள்.

"அவர் பொண்ணுடி நீ" என்றார் காயலான் கடைக்காரர். கோட்டை நேர்வைத்துப் பூட்டினார்கள்.

அது தப்பு. உளியால் கொத்தியவன் யாரோ, எதற்காகவோ, ஒருவேளை தன் சக்கரத்தை அடையாளம் வைக்க மட்டும் கொத்தியிருக்கிறான். ஆனால் அது தெரிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

மூன்று மணிக்கு டீசல் ஊற்றி, பைப்பில் இருந்த காற்றை வெளியேற்றினார்கள். மூன்றேகாலுக்கு சாவியைத் திருப்பினால் பேட்டரி முனகிவிட்டு அடங்கியது. மகள் ஓட்டமாகத் தெருவுக்குப் போனாள். வெள்ளை வேன் டிரைவர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, உங்க பேட்டரியைக் கொஞ்சம் குடுங்க."

"எதுக்கும்மா?"

"உங்க சவாரியைக் கெடுக்கத்தான்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், பத்திரிகையை மடித்தார். "நான் இருபது வருஷமா இந்த வேலை பாக்கிறேன். இப்படி ஒரு வீட்டைப் பாத்ததில்லை" என்று சொல்லிக்கொண்டே பேட்டரியைக் கழற்றினார்.

மூன்று இருபத்தேழு. மகள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். என்ஜின் அரைச் சுற்றுச் சுற்றியது. உள்ளே ஏதோ ஒன்று ஓங்கி உதைத்தது. லாரி முழுக்க ஒரு தரம் பின்னுக்குக் குலுங்கியது, தும்மியது, அப்புறம், ஐயோ, ஓடத் தொடங்கிவிட்டது! தடதடவென்று கொட்டகைத் தகரம் எல்லாம் சேர்ந்து ஆடியது. தபால்காரர் பையை மேலே வீசினார். டாக்டர் வேன் டிரைவரைக் கட்டிப்பிடித்தார். காயலான் கடைக்காரர் மட்கார்டில் தலையை முட்டிக்கொண்டு அழுதார், சிரித்தார், மறுபடி முட்டினார். ஜன்னலில் அம்மா எழுந்து நிற்பது தெரிந்தது. காலையிலிருந்து அவள் எழுந்தது அதுதான் முதல் தடவை.

அப்பாவை ஆறு பேர் தூக்கிவந்து லாரியின் பின்தட்டில் கிடத்தினார்கள். பத்தொன்பதாம் நம்பர் ஸ்பானர் கையிலேயே இருந்தது. அதைப் பற்றி இப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா டிரைவர் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள்.

மகள் முதல் கியர் போட்டு கிளட்சை விட்டாள். லாரி விருட்டென்று பின்னால் போய்க் கொட்டகைத் தூணை முட்டியது.

"முதல் கியர் போடுடி!"

"முதல்தாம்மா போட்டேன்!"

மறுபடி போட்டாள். மறுபடி பின்னால் போனது. காயலான் கடைக்காரர் பானெட் பக்கம் ஓடிவந்து மூக்கைச் சுருக்கினார். புகை சைலன்சரிலிருந்து வரவில்லை. காற்று இழுக்கிற ஃபில்டர் வழியாகக் குபுகுபுவென்று வந்து எல்லார் முகத்திலும் அடித்தது. பின்பக்கம் ஓடி சைலன்சர் வாயில் கையை வைத்தார். அது அவர் கையை உறிஞ்சியது.

"அடி பாவி!" என்றார், கண் இரண்டும் பளபளக்க. "தலைகீழா ஓடுதுடி! பம்பு முந்திக்கிட்டு அடிச்சு, என்ஜினை எதிர்ப்பக்கம் உதைச்சு விட்டுடுச்சு! மூக்கால இழுக்குற மூச்சை வாயால இழுக்குது, வாயால விடுறதை மூக்கால விடுது!"

மகள் பானெட்டைப் பார்த்தாள். கோடு. அப்பா புள்ளியைத்தான் சொல்ல வந்திருக்கிறார். "அணைச்சுட்டு மாத்திப் பூட்டினா?"

"அணைச்சா அடுத்த மாசம்தான் பிடிக்கும். பேட்டரி செத்துடுச்சு, நேரமும் இல்லை."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் ஒரு கணம் யோசித்தாள். எதிர்ப்பக்கம் சுற்றும் என்ஜினில் முன் கியர் எல்லாம் பின்னால் கொண்டுபோகும். அப்படியென்றால்...

"முன்னால போறதுக்கு நமக்கு ஒரே ஒரு கியர்தான் இருக்கு" என்று சொல்லி, ரிவர்ஸ் கியரைப் போட்டாள்.

லாரி, மெதுவாக, கம்பீரமாக, முன்னால் நகர்ந்தது. கூடவே பின்னாலிருந்து அந்தக் குரல் தெளிவாக எழுந்தது.

"கவனிக்கவும். வாகனம் பின்னால் வருகிறது."

அம்மா கண்ணை மூடித் திறந்தாள். "இவளையும் கூட்டிட்டுத்தான் கிளம்புறார்" என்றாள்.

கேட் வந்தது. தம்பி கேட்டுக்கு வெளியே நின்றிருந்தான், வழி காட்டுவதற்கு. "வா, வா" என்று கையை ஆட்ட வேண்டியவன் கையைத் தொங்கவிட்டபடி நின்றான். உதடு மட்டும் ஏதோ எண்ணை முணுமுணுத்தது. பிறகு அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். அதைப் பார்த்ததும் மகளுக்கும் பயம் வந்து, அவளும் மூடிக்கொண்டாள். அம்மா முன்பே மூடியிருந்தாள். பின்னால் வந்த கூட்டம் புகையில் கண்ணைத் திறக்கவே இல்லை. திறந்தபோது லாரி தெருவில் இருந்தது.

"போயிடுச்சா?" என்றான் தம்பி.

"பாத்தா தெரியலை? ஏறுடா!"

அவன் ஏறவில்லை. சைலன்சருக்குப் பக்கத்தில் நடந்துவந்தான், எதையோ நம்ப முடியாதவன்போல லாரியையே பார்த்துக்கொண்டு.

மயானம் அங்கிருந்து ஒரு மைல். ரிவர்ஸ் கியரில் போகிற வேகம் நடக்கிற வேகம்தான், துக்க ஊர்வலத்துக்கென்றே அளந்து செய்ததுபோல இருந்தது. தெருவில் கடைகளில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். "கவனிக்கவும். வாகனம் பின்னால் வருகிறது" என்று குரல் அறிவிக்க, பின்னால் வந்துகொண்டிருந்த பஸ் ஒன்று பயந்து தானும் பின்னால் போனது, அதற்குப் பின்னால் இருந்த கார்களும் போயின. கடைசியில் நெரிசல் பக்கத்து ஊர்வரை பின்னால் போனதாகக் கேள்வி.

மகள் ஆயில் கேஜைப் பார்த்தபடி ஓட்டினாள். ஊசி பூச்சியத்துக்கும் கீழே படுத்திருந்தது. தலைகீழாகச் சுற்றினால் ஆயில் பம்பும் தலைகீழ்தான். என்ஜினுக்குள் ஒரு சொட்டு எண்ணெய் ஏறாது. "ஊசி படுத்தா பத்து நிமிஷம்" என்பது அப்பாவின் கணக்கு. பஸ் நிலையம் வரும்போதே என்ஜின் பிடித்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

"தாங்குமாம்மா?"

"அவர் கைபட்டது. சொன்ன நேரத்துக்கு நிக்காது" என்றாள் அம்மா.

அந்த இடத்தில்தான் தம்பி, காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன், சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் வைத்தான். வைத்து எடுக்கும்போது சைலன்சர் அதை லபக்கென்று பிடுங்கிக்கொண்டது. என்ஜின் திணறியது. இருமியது. லாரி குலுங்கி, நிற்கப் போனது.

"மூச்சு அடைக்குது! எடுடா! எடுடா!" என்று கத்தினார் காயலான் கடைக்காரர்.

தம்பி ரோட்டில் முட்டி போட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு, கொதிக்கிற குழாய்க்குள் முழங்கைவரை கையை விட்டான். இழுத்தான். வரவில்லை. "விடுப்பா! விட்டுடுப்பா!" என்று குழாயைப் பார்த்துக் கத்தி, காலை உதைத்து இழுத்தான். கறுப்பாக ஒரு துணி உருவிக்கொண்டு வந்தது. என்ஜின் ஒரு பெருமூச்சு விட்டுப் பழையபடி தடதடத்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் கைதட்டினார்கள். இறுதி ஊர்வலத்துக்குக் கைதட்டுவது அவர்களுக்கும் பழக்கமில்லாததால், நடுவில் நிறுத்திவிட்டு, பிறகு பொறுக்க முடியாமல் மறுபடி தட்டினார்கள்.

தம்பி ஓடிவந்து பின்தட்டில் ஏறினான். ஏறி, அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். கண்ணாடியில் மகள் பார்த்தாள். அவன் அப்பாவின் காதோடு குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான். என்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டைவிட்டுக் கிளம்பிய இருபத்தாறாவது நிமிஷம் மயானத்தின் வாசல் தெரிந்தது. என்ஜின் சூட்டில் பானெட்டுக்குள் வர்ணம் உரிகிற வாசனை வந்தது. கடைசி நூறு அடிக்கு அது இரும்பை இரும்பால் அரைக்கிற சத்தம் போட்டது. மகள் ஸ்டீயரிங்கை மார்போடு அணைத்து, அப்பா சொல்லாமல் வைத்திருந்த அந்தக் கெட்ட வார்த்தை என்னவாக இருக்கும் என்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி, காதில் விழாததுபோல இருந்தாள். ஏழாவதோ எட்டாவதோ வார்த்தைக்கு, சரியாக வாசலுக்கு நேராக, என்ஜின் ஒரே ஒரு தரம் 'ணங்' என்று சொல்லி நின்றது. இறுகிவிட்டது. இனி அது எந்தப் பக்கமும் சுற்றாது.

அந்த அமைதியில், மிச்சமிருந்த பேட்டரியில், குரல் மட்டும் இன்னொரு முறை வந்தது. "கவனிக்கவும். வாகனம்..." அத்துடன் அதுவும் அடங்கியது.

"அவளைச் சொல்லிக் குத்தமில்ல" என்றாள் அம்மா, இறங்கியபடியே. "மனுஷன் என்னைக்கு நேரா போனார்?"

மணி நாலு இருபத்தெட்டு.

எல்லாம் முடிந்து, திரும்பும்போது லாரியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஆளுக்கு ஆள் போட்டிபோட்டுத் தோள் கொடுத்தார்கள். கேட் வழியாக உள்ளே விடும்போது அத்தனை பேரும் தலையைக் குனிந்து தள்ளியதால், அவரவர் காலைத் தவிர யாரும் எதையும் பார்க்கவில்லை. லாரி கொட்டகையில் பழைய இடத்தில், தூணை உரசிக்கொண்டு நின்றது.

மறுநாள் காலை மகள் கை கழுவ வந்தாள். சோப்புப் போட்டாள். பாதி கழுவிவிட்டு, நகக்கண்ணில் இருந்த கறுப்பைப் பார்த்தாள். குழாயை மூடினாள்.

கேட் பக்கத்தில் தம்பி நின்றிருந்தான். வலது கையில் முழங்கைவரை கட்டு. இடது கையில் அளக்கிற டேப்.

"அக்கா" என்றான். "அன்னைக்கு அப்பா கேட்டாரில்ல, வழி விட்டிருக்கியான்னு."

"ம்."

"எழுபது வயசுக்கு மேல இந்த வண்டியை எடுத்துட்டு எங்கயாவது கிளம்பிடுவாரோன்னு..." அவன் டேப்பை இழுத்து விட்டான். "நேத்து வர்ற வழியில அவர்கிட்ட சொல்லிட்டேன். உன்கிட்டதான் பாக்கி."

டேப்பின் ஒரு நுனியை அவளிடம் நீட்டினான். மகள் முந்தானையில் ஈரத்தைத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். முதலில் கொட்டகைக்குப் போய் லாரியை அளந்தார்கள். பிறகு கேட்டுக்கு வந்தார்கள். ஒரு தடவை அளந்தார்கள். மறுபடி ஒரு தடவை அளந்தார்கள். இரண்டு தூணிலும் சுண்ணாம்பு ஒரு கீறல் இல்லாமல் வெள்ளையாக இருந்தது. ஜன்னலிலிருந்து அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

லாரியின் அகலம் ஏழடி ஒன்பது அங்குலம். கேட்டின் அகலம் ஏழடி இரண்டு அங்குலம்.